எந்த நேரத்து மழை? கூட்டு வானிலை எதிர்வுகூறலில் நேரப் பெயர்ச்சி: கீரிமலையை முன்வைத்து ஒரு நோக்கு

1

காலம் இயற்கையின் இயக்கத்தோடு பிணைந்தது. நேரமோ, மனிதர் தம் சமூகத் தேவைகளுக்கேற்ப அக்காலத்தை அளந்து வகுத்துக்கொண்ட ஓர் ஒழுங்கு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் அன்றாட வாழ்விற் பெருந்தீங்கு விளைப்பதில்லை. வானிலையை எதிர்வுகூறும் துறையில், அதிலும் எண்ணற்ற கணிப்புகளை ஒருங்கே வைத்து ஆராயும் கணினி மென்பொருள்களில், இம்மயக்கம் பொய்யான அறிவைத் தோற்றுவித்துவிடும். அது தோன்றும் வழியையும் அதனை நீக்கும் முறையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கிய ஆராய்ச்சியாளனுக்கு இத்துறையில் என்ன அலுவல் என்ற வினா எழுதல் இயல்பே. பண்டைய நூலொன்றைப் பதிப்பிக்க முற்படுபவர், நூல் இயற்றப்பட்ட காலம், கையிலுள்ள ஏடு படியெடுக்கப்பட்ட காலம், அச்சேறிய காலம் ஆகிய மூன்றையும் பிரித்தறிய வேண்டியவராகிறார். அவ்வாறே, பல ஏடுகளிடையே காணும் வேறுபாடுகளுள் எது ஏடெழுதினோர் பிழை, எது உண்மையான பாடபேதம் என்று துணிய வேண்டியவருமாகிறார். பிழையைக் களைய வேண்டும். பாடபேதத்தைக் காக்க வேண்டும். வானிலைத் தரவுகளைக் கையாளும் மென்பொருள் எதிர்கொள்ளும் சிக்கலும் அடிப்படையில் இதுவே.

விளக்கத்துக்குக் களமாகக் கீரிமலையைக் கொள்வோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்கு மேற்கே அமைந்த இக்கிராமம் கடலோரத்து நன்னீர்க் கேணியாலும் நகுலேஸ்வரர் ஆலயத்தாலும் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தாலும் பெயர்பெற்றது. கரையில் மீன்பிடித் தொழிலும் உள்நாட்டுப் புறத்தில் செம்மண் தோட்டச் செய்கையும் நிகழும் வலிகாமத்தின் ஒரு பகுதி அது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் வங்கக்கடலில் உருவாகும் தாழமுக்கங்கள் இக்கரையின் உழைக்கும் மக்களுக்கு உயிர்ப் பிரச்சினையாகும். அவர்களுக்கு, எவ்வளவு மழை என்ற வினாவுக்குச் சற்றும் குறையாதது எப்போது மழை என்ற வினா.

2

முதலிற் கூட்டு எதிர்வுகூறல் என்பது யாதென நோக்குவோம். வளிமண்டலத்தின் தொடக்க நிலையில் நாம் அறியவியலாத சிறு வேறுபாடுகள், நாட்கள் செல்லச்செல்லப் பெருவேறுபாடுகளாக வளரும் என்பதனை அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லோரென்ஸ் 1963இல் எடுத்துக்காட்டினார். எனவே ஒரே ஒரு கணிப்பை நம்பியிருப்பதை விடுத்து, தொடக்க நிலையைச் சிறிது சிறிது மாற்றிப் பல கணிப்புகளை இயக்கி, அவை தம்முள் எவ்வளவு ஒத்துள்ளன, எவ்வளவு முரண்படுகின்றன என்று பார்க்கும் முறை பிறந்தது. 1992இல் ஐரோப்பிய நடுத்தர வீச்சு வானிலை நிலையமும் அமெரிக்கத் தேசிய நிலையமும் இம்முறையை அன்றாட நடைமுறைக்குக் கொணர்ந்தன. ஐரோப்பிய நிலையத்தின் கூட்டில் 51 கணிப்புகள் உள்ளன. அமெரிக்க நிலையத்தின் உலகளாவிய கூட்டு 2020 முதல் 31 கணிப்புகளைக் கொண்டு நாளொன்றுக்கு நான்கு முறை இயக்கப்பட்டு வருகின்றது. இக்கணிப்புகள் ஒவ்வொன்றையும் கூட்டின் ஓர் உறுப்பு என்று அழைப்பர்.

உறுப்புகளிடையேயான முரண்பாடு இம்முறையின் குறையன்று. அதுவே இம்முறை தரும் அறிவு. 51 உறுப்புகளுள் 40 உறுப்புகள் கீரிமலையிற் பெருமழை என்று கூறின் அஃது ஒரு செய்தி. 5 மட்டுமே கூறின் அது வேறொரு செய்தி. ஆனால் இம்முரண்பாட்டை எண்ணிக் கணக்கிடுவதற்கு முன்னர், எல்லா உறுப்புகளும் ஒரே நேரத்தைப் பற்றியே பேசுகின்றன என்பது உறுதிப்பட வேண்டும். நேரப் பெயர்ச்சி என்னும் சிக்கல் இங்குதான் தோன்றுகின்றது. ஒரு நேரக்கணக்கிலிருந்து மற்றொரு நேரக்கணக்குக்கு மாறும்போது கூட்டவோ கழிக்கவோ வேண்டிய அளவையே நேரப் பெயர்ச்சி என்று இங்குக் குறிப்பிடுகின்றோம்.

3

எதிர்வுகூறல் தரவு ஒவ்வொன்றிலும் மூன்று நேரங்கள் உள்ளன. கணிப்பு எந்த வேளையின் வளிமண்டல நிலையிலிருந்து புறப்பட்டதோ அது தொடக்க நேரம். அங்கிருந்து முன்னோக்கிச் சென்ற மணித்தியாலங்கள் முன்னோக்குக் காலம். இரண்டையும் கூட்டினால் வருவது, அக்கணிப்பு எந்த வேளைக்குரியதோ அந்தப் பொருந்து நேரம். இவை யாவும் கிறீனிச்சை அடிப்படையாகக் கொண்ட உலக நேரத்திலேயே குறிக்கப்படுகின்றன. இலங்கை நேரமோ உலக நேரத்திற்கு 5 மணி 30 நிமிடம் முற்பட்டது.

அரை மணி என்னும் இவ்வெச்சத்தை அற்பமெனத் தள்ளிவிட முடியாது. மாதிரிகள் தரவுகளை உலக நேரத்தின் முழுமணிகளில், பெரும்பாலும் மூன்று அல்லது ஆறு மணிக்கொரு முறை வெளியிடுகின்றன. இலங்கையின் நள்ளிரவு உலக நேரத்தில் 18:30 ஆகும். 18 மணிக்கும் 21 மணிக்கும் தரவு உண்டு, 18:30க்கு இல்லை. எனவே நள்ளிரவு முதல் நள்ளிரவு வரையான இலங்கை நாளொன்றின் மழையை இத்தரவிலிருந்து நேரடியாகப் பெற இயலாது. பெயர்ச்சி எப்போதும் முழுமணியாகவே இருக்கும் என்று கருதி எழுதப்பட்ட நிரல் 5:30ஐ ஐந்தாகவோ ஆறாகவோ மாற்றிவிடும். விளைவை எவரும் உடனடியாகக் காணமாட்டார். வரைபடம் அழகாகவே தோன்றும்.

நல்வாய்ப்பாக, இலங்கையில் மழையளவு காலை 8:30 முதல் மறுநாட் காலை 8:30 வரை கணக்கிடப்படுகின்றது. இது உலக நேரத்தில் 03 மணி முதல் 03 மணி வரையாகும். ஆதலால் மூன்று மணிக்கொரு தரவுடன் இது சரியாகப் பொருந்துகின்றது. ஆயின், உலக நேர நாளின் மழையை, அதாவது 00 மணி முதல் 24 மணி வரையுள்ளதை, அப்படியே எடுத்து அளவைமானியின் பதிவோடு ஒப்பிடுபவர் மூன்று மணி பிறழ்ந்த இரு வேறு நாட்களை ஒப்பிடுகின்றார். அதிகாலையிற் பெய்யும் மழை வடகீழ்ப் பருவத்திற் புதிதன்று. காலை 5:30க்கும் 8:30க்கும் இடையே பெய்த மழை இவ்வொப்பீட்டில் தவறான நாளுக்குச் சென்றுவிடும். மாதிரி பிழைத்தது என்ற தீர்ப்பு வழங்கப்படும். உண்மையிற் பிழைத்தது கணக்கே.

4

இனி ஓர் எடுத்துக்காட்டினைக் காண்போம். 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி என்னும் சூறாவளி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடைப்பட்ட கரையைக் கடந்தது. மறுநாள் மன்னார்க் குடாவை அடைந்து வலுவிழந்து, பாம்பனுக்கு அண்மையிற் பல மணி நேரம் ஏறத்தாழ அசையாது நின்றது. டிசெம்பர் 3 காலை 8:30 முதல் 4 காலை 8:30 வரையான மழையைக் கீரிமலைக்கு எதிர்வுகூற விரும்புவதாகக் கொள்வோம். டிசெம்பர் 2ஆம் திகதி 00 மணிக்குத் தொடங்கிய கணிப்பில் இந்நாள் 27ஆம் மணிக்கும் 51ஆம் மணிக்கும் இடையே உள்ளது. டிசெம்பர் 1ஆம் திகதி 12 மணிக்குத் தொடங்கிய முந்திய கணிப்பில் அதே நாள் 39ஆம் மணிக்கும் 63ஆம் மணிக்கும் இடையே உள்ளது.

இரு கணிப்புகளையும் சேர்த்து நோக்குவது வீண்வேலையன்று. வெவ்வேறு வேளைகளிற் புறப்பட்ட கணிப்புகளை ஒரு கூட்டாகக் கொள்ளும் முறையை ஹொஃப்மன், கால்னே ஆகிய இருவரும் 1983இல் முன்வைத்தனர். கணினி ஆற்றல் குறைந்த நிலையங்களுக்கு இது பெருந்துணை. இந்தியாவில் நொய்டாவிலுள்ள தேசிய நடுத்தர வீச்சு எதிர்வுகூறல் நிலையம் 2018இற் செயற்படுத்திய 23 உறுப்புகள் கொண்ட கூட்டும் இவ்வழியிலேயே அமைந்தது. குழப்பம் செய்யப்பட்ட 22 உறுப்புகளுள் 11 அன்றைய 00 மணியிலிருந்தும், எஞ்சிய 11 முன்னைய நாளின் 12 மணியிலிருந்தும் புறப்படுவன.

இத்தகைய கூட்டை ஆராயும் மென்பொருள் உறுப்புகளை முன்னோக்குக் காலத்தால் அடுக்குமாயின், அதாவது 27ஆம் மணிக்கு நேராக 27ஆம் மணியை வைக்குமாயின், பன்னிரண்டு மணி இடைவெளியுள்ள இருவேறு வேளைகளை ஒன்றெனக் காட்டிவிடும். பொருந்து நேரத்தால் அடுக்குவதே முறை. முந்திய உறுப்புகளின் முன்னோக்குக் காலத்திலிருந்து 12ஐக் கழித்த பின்னரே இரு பிரிவினரும் ஓரணியில் நிற்பர்.

மழையைப் பொறுத்தவரை மேலும் ஒரு சிக்கல் உண்டு. ஐரோப்பிய மாதிரி போன்றவை மழையைத் தொடக்க நேரத்திலிருந்து இடையறாது கூட்டிச் செல்கின்றன. அமெரிக்க மாதிரியின் கணக்கோ ஆறு மணிக்கொரு முறை புதிதாகத் தொடங்குகின்றது. முன்னதில் நாள் மழை வேண்டின், 51ஆம் மணியின் கூட்டுத்தொகையிலிருந்து 27ஆம் மணியின் கூட்டுத்தொகையைக் கழிக்க வேண்டும். முந்திய கணிப்புக்கு 63இலிருந்து 39ஐக் கழிக்க வேண்டும். கழித்தலைச் செய்யாது நேரத்தை மட்டும் பெயர்த்தால், முந்திய உறுப்புகள் யாவும் பன்னிரண்டு மணி நேர மழையைக் கூடுதலாகச் சுமந்து நிற்கும். கூட்டு இரண்டாகப் பிளவுபட்டிருப்பது போலத் தோன்றும். அப்பிளவு வானத்தில் இல்லை. கணக்கேட்டில் மட்டுமே உள்ளது.

5

இதுவரை கூறப்பட்டவை களையப்பட வேண்டிய பெயர்ச்சிகள். ஏடெழுதினோர் பிழைக்கு ஒப்பானவை இவை. ஆனால் களையக்கூடாத நேர வேறுபாடு ஒன்றும் உண்டு.

எல்லாக் கணக்குகளும் திருத்தப்பட்ட பின்னரும், ஓர் உறுப்பு சூறாவளி நள்ளிரவிற் கரையைக் கடக்கும் எனவும், மற்றொன்று காலையிற் கடக்கும் எனவும், வேறொன்று கடலிலேயே தங்கி நிற்கும் எனவும் கூறலாம். இஃது இயற்கையின் இயக்கம் பற்றிய உண்மையான நிச்சயமின்மை. புரெவி மன்னார்க் குடாவிலே தங்கியது போன்ற நிகழ்ச்சிகளில், மழையின் அளவைவிட அதன் வேளையே கணிப்புக்கு அடங்காது நழுவுகின்றது.

இவ்விடத்திற் சராசரி என்னும் எளிய கருவி ஏமாற்றும். நான்கு உறுப்புகள் ஒவ்வொன்றும் ஆறு மணி நேரத்தில் 100 மில்லிமீற்றர் மழையைக் கூறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அவை கூறும் ஆறு மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தவை. சராசரி எடுத்தால் 24 மணி நேரமும், ஆறு மணிக்கு 25 மில்லிமீற்றர் வீதம் மழை சீராகப் பெய்யும் என்ற விடை கிடைக்கும். நான்கு உறுப்புகளுள் ஒன்றுகூட அவ்வாறு சொல்லவில்லை. எவரும் கூறாத ஒன்றை எல்லோருடைய கூற்றாகக் காட்டுவது இச்சராசரி. இதற்கு அஞ்சி, உறுப்புகளின் உச்சமழை வேளைகளை வலிந்து ஒன்றன்மேல் ஒன்று பொருத்திவிடுவதும் தவறே. அப்போது மழையின் கடுமை தெளிவாகும். அதன் வேளை பற்றிய ஐயம் மறைக்கப்படும். இரண்டையும் தனித்தனியே சொல்வதுதான் நேர்மை: இந்நாளுள் எப்போதாயினும் ஆறு மணி நேரத்தில் 100 மில்லிமீற்றரைத் தாண்டும் வாய்ப்பு எவ்வளவு, அது எந்த வேளையில் நிகழும் என்பதில் உறுப்புகள் எவ்வாறு பரந்துள்ளன.

யாழ்ப்பாணத்து வாசகர்க்கு இவ்வேறுபாடு பஞ்சாங்கத்தின் மூலம் எளிதில் விளங்கும். ஆடி அமாவாசைத் திதி கீரிமலையில் நண்பகல் 12 மணிக்கு முடிகின்றதாயின், இலண்டனில் அப்போது காலை 7:30. கோடைகாலப் பிரித்தானிய நேரத்துக்கும் நமக்கும் உள்ள நாலரை மணிப் பெயர்ச்சி அது; கூட்டிக் கழித்தால் தீர்ந்துபோகும். ஆனால் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் ஒரே திதிக்கு வெவ்வேறு முடிவு நேரம் தருகையில், எந்தக் கடிகாரத்தை எவ்வளவு நகர்த்தினும் அவை இணங்கமாட்டா. அவற்றின் வேறுபாடு கணிப்பு முறையில் உள்ளது. முதலாவதைத் திருத்தாதவர் கவனமற்றவர். இரண்டாவதைத் திருத்திவிட்டதாகச் சொல்பவர் உண்மையை மறைப்பவர்.

6

கடிகாரப் பெயர்ச்சி வெறும் எண்ணென்று கருதுவோர் அவ்வெண்ணின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். சூரியனைக் கொண்டு கணித்தால் கீரிமலையின் நேரம் கிறீனிச்சுக்கு ஏறத்தாழ 5 மணி 20 நிமிடமே முற்பட்டது. 5:30 என்பது 1906இல் இலங்கை முழுவதற்கும் விதிக்கப்பட்ட பொதுநேரம். ஊர்தோறும் வேறுபட்ட நேரங்களை அழித்துப் பொதுநேரத்தை நிலைநாட்டியவை புகைவண்டியும் தந்தியும் அவற்றின் வழி விரிந்த சந்தையும் ஆகும். 1884இல் வாஷிங்டன் மாநாடு கிறீனிச்சை உலகின் தொடக்கக் கோடாக ஏற்றமை பிரித்தானியக் கடலாதிக்கத்தின் வெளிப்பாடுமாகும். தொழிற்சாலை முதலாளிகள் நிமிடங்களைத் திருடி வேலைநாளை நீட்டியமையை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற்பாகத்தில் வேலைநாள் பற்றிய அதிகாரத்தில் ஆதாரங்களோடு விளக்கினார். கடிகார ஒழுக்கம் கைத்தொழில் முதலாளித்துவத்தோடு வளர்ந்தவாற்றை ஈ. பி. தொம்சன் 1967இல் வெளிவந்த கட்டுரையில் ஆராய்ந்தார். கடிகாரம் ஒருபோதும் நடுநிலையில் நின்றதில்லை.

நமது அண்மைய வரலாறு இதற்குக் கூர்மையான சான்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் 1942இல் இலங்கைக் கடிகாரங்கள் இருமுறை முன்னகர்த்தப்பட்டு, 1945 ஒக்ரோபரிலேயே பழைய நேரத்துக்கு மீண்டன. பின்னர் 1996இல் வறட்சியால் நீர்மின் உற்பத்தி குன்றவே, மின்சாரத்தைச் சேமிக்கும் பொருட்டு மே மாதம் 25ஆம் திகதி நேரம் ஒரு மணி முன்னகர்த்தப்பட்டது. அவ்வாண்டு ஒக்ரோபர் 26ஆம் திகதி அரைமணி பின்னகர்த்தப்பட்டு 6:00 ஆயிற்று. 2006 ஏப்ரல் 15ஆம் திகதிதான் மீண்டும் 5:30 வந்தது. மழை பொய்த்தமையால் மாறிய நேரம், பின்னர் மழைக் கணக்கையே மயக்கத்தக்கதாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

இம்மாற்றங்களை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் ஏற்கவில்லை. அங்கே பழைய 5:30 நேரமே நீடித்தது. 2002இல் ஏ-9 நெடுஞ்சாலை திறக்கப்பட்ட பின்னர், யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா சென்றவர் முகமாலையைத் தாண்டியதும் அரைமணி பின்னும், ஓமந்தையைத் தாண்டியதும் அரைமணி முன்னும் சென்றார். ஒரே நெடுங்கோட்டுப் பகுதியில், ஒரே மழையின் கீழ், இரு நேரங்கள் வழங்கின.

உலகக் கணினிகள் பயன்படுத்தும் நேரவலயத் தரவுத்தொகுதி இலங்கை முழுவதையும் கொழும்பு என்ற ஒரே பெயரால் குறிக்கின்றது. தமிழர் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் வாழ்வோர் கொல்கத்தா வலயத்தைப் பயன்படுத்தலாம் என்பது அத்தொகுதியின் ஓரத்தில் ஒரு விளக்கக் குறிப்பாக மட்டும் இடம்பெற்றது. விளக்கக் குறிப்புகளை மனிதர் வாசிப்பர்; நிரல்கள் வாசிப்பதில்லை.

இது பழங்கதையாகி முடிந்துவிடவில்லை. எதிர்வுகூறலின் நிலையான சாய்வுகளைக் கண்டறியக் கடந்த ஆண்டுகளுக்கும் கணிப்புகள் மீள இயக்கப்படுகின்றன. அமெரிக்கக் கூட்டின் இத்தகைய மீள்கணிப்புத் தொகுதி 2000 முதல் 2019 வரையான ஆண்டுகளுக்குரியது. அதன் முதல் ஆறாண்டுகள் இருநேர ஆண்டுகளாகும். அக்காலத்தில் உள்ளூர்க் கடிகாரத்தைப் பார்த்துக் காலை 8:30க்கு எழுதப்பட்ட மழைப் பதிவேடு ஒன்று கிடைப்பின், அது யாழ்ப்பாணத்ததாயின் உலக நேரம் 02:30, கிளிநொச்சியினதாயின் 03:00. மென்பொருள் இரண்டுக்கும் கொழும்பு வலயத்தையே பொருத்துமாயின், கிளிநொச்சியின் பதிவு அரைமணி பிறழும். கீரிமலையின் பதிவையோ திருத்த வேண்டிய தேவையே எழாது. 1990இல் மக்கள் அங்கிருந்து இடம்பெயர்க்கப்பட்டு அவ்வூர் உயர்பாதுகாப்பு வலயத்துள் அடைபட்டது. போர் 2009இல் முடிந்த பின்னரே மீள்குடியேற்றம் படிப்படியாக நிகழ்ந்தது. மக்களற்ற ஊரில் மழையை அளந்து எழுதும் குடியானவர் எவர்? தரவின் வெற்றிடமும் ஒரு வரலாற்று ஆவணமே. அதனை அண்டைய ஊர்களின் எண்களால் ஓசையின்றி நிரப்பிவிடும் மென்பொருள், இடப்பெயர்வையும் ஓசையின்றி அழித்துவிடுகின்றது.

7

இப்பிழைகளின் சுமை யார்மேல் விழுகின்றது என்பதே இறுதி வினா. உலக நேரத்திற் குறிக்கப்பட்ட வரைபடமொன்று 00 மணிக்குக் கடுங்காற்றைக் காட்டினால், அது கீரிமலையில் அதிகாலை 5:30 ஆகும். அதனை நள்ளிரவென வாசித்தவர், நள்ளிரவு கடந்ததும் ஆபத்து நீங்கிற்று என்று கருதுவார். மாலையில் வலை விரிக்கச் சென்று விடியலிற் கரை திரும்பும் தொழிலாளிக்கு அந்த ஐந்தரை மணி உயிரின் விலை. ஆய்வாளருக்கு அது திருத்தக்கூடிய அட்டவணைப் பிழை. அறிவை உற்பத்தி செய்வோர்க்கும் அதன் விளைவை அனுபவிப்போர்க்கும் இடையேயுள்ள இவ்விடைவெளியே இங்குக் கருதத்தக்க பெரும் பெயர்ச்சி.

எனவே இத்தகைய மென்பொருளிடம் நாம் வேண்டுவன சிலவே. தொடக்க நேரம், முன்னோக்குக் காலம், பொருந்து நேரம் ஆகிய மூன்றையும் பிரித்தே சேமிக்க வேண்டும். உள்ளே உலக நேரம் ஒன்றையே கையாண்டு, மக்களுக்கு வழங்கும் வேளையில் மட்டும், அந்த இடத்திலும் அந்தக் காலத்திலும் உண்மையில் வழங்கிய பெயர்ச்சியைப் பயன்படுத்த வேண்டும். மழை எந்த மணிமுதல் எந்த மணிவரை கூட்டப்பட்டது என்பதை எண்ணோடு சேர்த்தே எழுத வேண்டும். செய்த பெயர்ச்சி ஒவ்வொன்றையும் பதிந்துவைக்க வேண்டும். எஞ்சி நிற்கும் நேர வேறுபாட்டை மறைக்காமல், உறுப்புகளின் கருத்து வேறுபாடாகவே மக்கள்முன் வைக்க வேண்டும்.

நல்ல பதிப்பாசிரியர் பிழையை நீக்குவார். பாடபேதத்தை அடிக்குறிப்பிற் காப்பார். தாம் செய்தது யாதென முகவுரையிற் சொல்வார். நேரத்தைக் கையாளும் மென்பொருளுக்கும் இதற்கு மேலான அறம் வேண்டியதில்லை. கடிகாரங்கள் உண்டாக்கிய முரண்பாட்டை அகற்றினாலன்றி இயற்கையின் முரண்பாடு கண்ணுக்குப் புலனாகாது. இயற்கையின் முரண்பாட்டை அகற்றிவிட்டாலோ, எதிர்வுகூறல் என்ற பெயரில் எஞ்சுவது ஆறுதல் மொழி மட்டுமே. கரையில் நின்று கடலுக்குப் போவதா வேண்டாமா என முடிவெடுக்க வேண்டியவர்க்கு உதவுவது அதுவன்று. எவ்வளவு அறிவோம், எவ்வளவு அறியோம் என்பதை அவருடைய மொழியிலும் அவருடைய நேரத்திலும் கூறும் கணக்கே அவருக்கு வேண்டியது.